பிள்ளைகளின் அயல்நாட்டுக் கல்விப் பிரயாணம்: ஹிரோஷிமா கற்பிக்கும் ஆயத்தம்



மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியிருக்கும் உங்களில் அநேகருடைய வீடுகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு வண்ணத்தாள் வந்திருக்கக்கூடும். அயல்நாட்டுக் கல்விச் சுற்றுலா, ஏழு நாட்கள், நான்கு நகரங்கள் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளையின் கண்களில் ஆவல். தகப்பனுடைய மனதிலோ மாதத் தவணைக் கணக்கு. அனுப்பினால் கடன், அனுப்பாவிட்டால் வகுப்பில் பிள்ளைக்குத் தலைகுனிவு. முடிவெடுப்பதற்கு முன், மாணவர் பிரயாணத்தைக் கல்வியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிற ஜப்பான் தேசத்திற்கும், அங்குள்ள ஹிரோஷிமா நகரத்திற்கும் சற்று மனதால் வாருங்கள்.

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு வெளியூர் சென்று சில நாட்கள் தங்கிவருவதை 'ஷூகாக்கு ரியோகோ' என்பார்கள். கற்பதற்கான பயணம் என்பது அதன் பொருள். 1886-ஆம் ஆண்டில் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் மேற்கொண்ட நீண்ட நடைப்பயணமே இதற்குத் தொடக்கம் என்பர். இன்று அப்பள்ளிகள் பல தெரிந்துகொள்ளும் இடங்களில் ஒன்று ஹிரோஷிமா.

நகரம் பேசும் பாடம்

ஒசாகாவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹிரோஷிமாவை அடைவீர்கள். அங்கிருந்து நகருக்குள் செல்ல டிராம் வண்டிகள் உண்டு. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுந்த மூன்றாம் நாளிலேயே, அந்த டிராம் பாதையின் ஒரு சிறு பகுதி மறுபடியும் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

மோட்டோயாசு ஆற்றங்கரையில் இறங்கினால், இரும்புச் சட்டங்கள் மட்டும் எஞ்சிய குவிமாடத்தைக் காண்பீர்கள். 1915-இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த பொருட்காட்சி மண்டபம் அது. 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

ஆற்றைக் கடந்து சமாதான நினைவு அருங்காட்சியகத்திற்குள் சென்றால், பிள்ளைகள் சத்தமின்றி நின்றுவிடுகிற இடங்கள் உண்டு. துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர மிதிவண்டி அங்கே இருக்கிறது. ஷின்இச்சி என்னும் சிறுவன் அதை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அவன் தகப்பன் தோட்டத்தில் அவனை அடக்கம்பண்ணுகையில் அதையும் உடன் புதைத்தார்; நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். மற்றோரிடத்தில், உணவு கரியாகிப்போன ஒரு மாணவனின் மதிய உணவுப் பெட்டி. அந்நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் வகுப்பறைகளில் இல்லை. தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அவர்களை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். உங்கள் மகனின் வயதே அவர்களுக்கும்.

கொக்குகள் எங்கே பிறக்கின்றன?

பூங்காவின் நடுவில், காகிதக் கொக்கைத் தலைக்குமேல் ஏந்தி நிற்கும் சிறுமியின் சிலையைக் காண்பீர்கள். குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சடாகோ சசாகி, இரத்தப் புற்றுநோயால் 1955-இல் பன்னிரண்டாம் வயதில் இறந்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். தேசமெங்கும் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர்களோடு சேர்ந்தன. 1958 மே 5-இல் சிலை திறக்கப்பட்டது.

அச்சிலையைச் சுற்றித் தொங்கும் காகிதக் கொக்குகளைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடி கொக்குகள் வந்து சேருகின்றன. இங்கு வரும் பள்ளிகள் பலவும் அவற்றைப் பிரயாணத்திற்கு முன்பே தங்கள் வகுப்பறையில் மடித்து, நூலில் கோத்துக் கொண்டுவருகின்றன. மடிக்கும் வாரங்களில் சரித்திரத்தை வாசிக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியபின் அறிக்கை எழுதி மற்றவர்கள் முன் வாசிக்கிறார்கள். வெளியூரில் கழிப்பது சில நாட்கள். கற்பதோ பல மாதங்கள்.

வருங்காலத்தைப் பற்றியும் அந்நகரம் சிந்தித்திருக்கிறது. உயிர் தப்பியவர்களின் அமைப்பான நிகோன் ஹிடாங்கியோவுக்கு 2024-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 2025 மார்ச் மாதக் கணக்கின்படி, தப்பியவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது; சராசரி வயது 86-ஐக் கடந்தது. அவர்கள் மறைந்தபின் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? இதற்காகவே 2012 முதல் ஹிரோஷிமா நகராட்சி, அவர்களுடைய அனுபவங்களைக் கற்று எடுத்துச் சொல்லும் வாரிசுகளைப் பயிற்றுவிக்கிறது.

நீங்கள் கேட்கவேண்டியவை

ஆகையால், பள்ளித் தாளில் கையெழுத்திடுமுன் இவற்றை விசாரியுங்கள். புறப்படுமுன் எத்தனை வாரம் பாடம் நடக்கும்? ஓரிடத்தில் நின்று பார்க்க நேரம் உண்டா, அல்லது நான்கு நகரங்களிலும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துத் திரும்புவார்களா? அவ்வூர் மனிதரோடு பேச வாய்ப்புண்டா? திரும்பியபின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர்? நோயுற்றால் மருத்துவக் காப்பீடு உண்டா? இவற்றிற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அது உல்லாசப் பயணமே. கல்வியென்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

ஆவணங்களிலும் ஜாக்கிரதையாயிருங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவருடைய சம்மதமும் கேட்கப்படும். ஒருவர் வெளியூரில் வேலை செய்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நம்மவர் பெயருக்கு முன் போடும் இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் விரித்தெழுதவேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் வேறுபட்டிருந்தால் இப்பொழுதே திருத்திக்கொள்ளுங்கள்.

பணம் இல்லையென்றால்? கடன் வாங்காதிருங்கள். வீட்டின் வருமான நிலையைப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து மறைக்காமல் சொல்லுங்கள்; பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். அதோடு ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: முன்னாயத்தப் பாடம் வகுப்பு முழுவதற்கும் நடக்கட்டும்; போய்வருகிறவர்கள் போகாதவர்களுக்கும் சேர்த்துக் கேள்விகளை எடுத்துச்சென்று பதில்களைக் கொண்டுவரட்டும். அப்பொழுது எந்தப் பிள்ளையும் வெளியே நிற்காது. அயல்நாட்டுப் பள்ளிகள் இணையவழியாகத் தப்பியவர்களின் சாட்சியைக் கேட்கவும் ஹிரோஷிமாவில் ஏற்பாடு உண்டு.

அடுத்த ஆண்டோ, கல்லூரிக் காலத்திலோ வாய்ப்பு வரலாம். அதுவரை ஒரு சதுரக் காகிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, சடாகோவின் கதையைச் சொல்லுங்கள். பிரயாணம் அங்கேயே தொடங்கிவிடும்.