சிக்குப்பலகை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். "தமிழம்மா, அது என்ன, பொம்மைத் தொட்டிலா?" என்று ஒருத்தி. "அக்கா, ஊறுகாய் ஜாடி வைக்கிற ஸ்டாண்டா?" என்று என் தம்பி. இரண்டும் இல்லை. பழைய புத்தகத்தைப் படம் எடுக்கும்போது அதைத் தாங்கிக்கொள்கிற பலகை அது. அதைச் செய்ய வேண்டி வந்த கதை எனக்குப் பெருமையான கதை இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தாவுக்குச் சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. சாயங்காலம் விளக்கு வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து பெரிய புராணம் வாசிப்பார். சேக்கிழார் அரங்கேற்றிய ஊர் என்பதால் அதில் அவருக்கு ஒரு தனி உரிமை. இரண்டு பாகமாக இருந்த புத்தகம். அதைக் கையில் பிடித்தோ தரையில் விரித்தோ படித்து நான் பார்த்ததே இல்லை. சிக்குப்பலகை மேல்தான் வைப்பார். இரண்டு பலகையை நடுவில் கோத்துச் செய்திருக்கும். விரித்தால் பெருக்கல் குறி மாதிரி நிற்கும். மேல் பாதியில் புத்தகம் பாதி திறந்தபடி சாய்ந்து உட்காரும். பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் வீடுகளில் குர்ஆன் ஓத வைத்திருக்கும் ரைஹால் பலகையும் இதே அமைப்புதான்.

தாத்தாவுக்கு இன்னொரு பழக்கம். ஓரங்களில் பென்சிலால் எழுதுவார். வெளி ஓரம் நிறைந்துபோனால், தையலை ஒட்டிய உள் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவார்.

தாத்தாவுக்குப் பிறகு புத்தகம் அப்பாவிடம் வந்தது. அப்பா வேலை மாற்றலாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்தபோது, இதழ்கள் கழன்று வருகின்றன என்று பைண்டிங்குக்குக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். பைண்டர் பக்கவாட்டில் துளை போட்டு, நோட்டுப் புத்தகத்தைத் தைப்பதுபோல் இறுக்கித் தைத்துவிட்டார். புத்தகம் கெட்டியானது, ஆனால் அதன் பிறகு முழுசாகத் திறக்கவில்லை. உள் ஓரத்து எழுத்தெல்லாம் தையலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அப்பா 2008-இல் போனார். மறு வருஷம் தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு நகல் வேண்டும் என்றார்கள். முதல் பாகத்தை நானே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனேன். பையன் புத்தகத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தான். வந்த நகலில் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. உள் ஓரத்துப் பென்சில் எழுத்து விழவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா, உள்ளே இருக்கிற எழுத்து வரணும்" என்றேன்.

அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் முதுகு பிளந்திருந்தது. தையலை ஒட்டி ஏழெட்டு இதழ்கள் முறிந்து, கண்ணாடி மேல் பழுப்புத் தூள் கிடந்தது. அந்தப் பையன் பயந்துபோய், "டீச்சர், நீங்கதானே அழுத்தச் சொன்னீங்க" என்றான். அவன் சொன்னது சரி. அழுத்தச் சொன்னது நான்தான்.

வீட்டுக்கு வந்து துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் தாத்தா எழுத்து: "ஐப்பசி மாதம்". அதற்குப் பிறகு காகிதம் இல்லை. அடுத்த துண்டில் ஒரே ஒரு சொல்: "பிறந்தான்". தாத்தாவுக்கு ஒரே மகன், எங்கள் அப்பா. அப்பாவின் உண்மையான பிறந்த நாள் எங்களில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் 1-தான் கடைசிவரைக்கும் இருந்தது. வருஷமும் தேதியும் நட்சத்திரமும் இருந்த துண்டு அந்தத் தூளோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டாம் பாகத்தை நான் தொடவே இல்லை. பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் எங்கள் மாடிக் கொட்டகையின் கூரை பறந்தது. பெட்டி தப்பியது. 2015 நவம்பர் வெள்ளத்தில் தெருவே மிதந்தது. அடுத்த வீட்டில் ஈரப் புத்தகங்களைக் கொடியில் துணி மாதிரி காயப்போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. தொடாமல் வைத்திருப்பதால் மட்டும் ஒரு புத்தகம் பத்திரமாகிவிடாது. வெள்ளம் இல்லாவிட்டால் கரையான், கரையான் இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி. படம் எடுத்து வைத்தே ஆகவேண்டும். ஆனால் எப்படி எடுப்பது?

போன ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வந்த ஒரு பழைய மாணவி என்னைப் பார்க்கக் கடலூருக்கும் வந்தாள். சென்னையில் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் முதலில் கேட்ட கேள்வி: "அம்மா, இந்தப் புத்தகம் வலிக்காம எவ்வளவு திறக்கும்?"

முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒரு புத்தகத்தைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பெரும்பாலும் மரக்கூழ்க் காகிதம். அதைச் செய்யும்போது சேர்த்த படிகாரத்தால் காகிதத்துக்குள்ளேயே அமிலம் உண்டாகி, வருஷம் போகப்போக நாரை அரித்துவிடும். அப்புறம் அது மடங்காது, முறியும். அப்படிப்பட்ட புத்தகத்தைத் தட்டையாக, 180 பாகைக்கு விரித்தால் பாரமெல்லாம் முதுகிலும் தையலை ஒட்டிய கோட்டிலும் போய் விழும். என் முதல் பாகம் அங்கேதான் முறிந்தது. ஜெராக்ஸ் மெஷினும் சாதாரண ஸ்கேனரும் புத்தகத்தைத் தட்டையாகத்தான் கேட்கும். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்.

அதனால் பெரிய நூலகங்களில் தொட்டில் மாதிரி ஒரு தாங்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கில V எழுத்து வடிவில் இரண்டு சாய்ந்த பலகை. புத்தகம் 90 அல்லது 100 பாகை திறந்தால் போதும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும், முதுகு அதற்குள் தொங்கும், எதிலும் அழுந்தாது. பக்கங்கள் புரளப்புரள இடப்பக்கம் கனம் கூடும், வலப்பக்கம் குறையும். அதற்கு ஏற்றபடி பலகையும் நகரும். இரண்டு பக்கத்துக்கும் நேர் எதிரே இரண்டு கேமரா. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் 'ஸ்கிரைப்' கருவி இந்த வகைதான். அவ்வளவு பெரிய நிறுவனத்திலும் பக்கத்தைப் புரட்டுவது மனிதக் கைதான்.

இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் டேனியல் ரீட்ஸ் என்ற மாணவர், குப்பையில் கிடைத்த மரத்தையும் இரண்டு மலிவான கேமராவையும் வைத்து இப்படி ஒரு கருவி செய்து, செய்முறையை எல்லாருக்கும் இணையத்தில் கொடுத்தாராம். எந்த வருஷம் என்று கேட்டேன். 2009. நான் ஜெராக்ஸ் கடையில் நின்ற அதே வருஷம்.

அவள் தாளில் வரைந்து காட்டியதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: "இது எங்க தாத்தாவோட சிக்குப்பலகைம்மா!"

அவளும் சிரித்துவிட்டாள். உண்மைதானே? புத்தகத்தைப் பாதிதான் திறக்க வேண்டும், முதுகைத் தொங்கவிட வேண்டும் என்று அந்த மரத்துண்டு தினமும் எங்கள் கண் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவரை பெரிய புராணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் இறக்கி வைத்த பிறகுதான் உடைந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஆசாரியிடம் படத்தைக் கொடுத்தேன். "எவ்வளவு கனம் தாங்கணும் டீச்சரம்மா?" என்றார். "கனம் ஒண்ணும் இல்லை ஆசாரி, ஒரு கிழவரைத் தாங்கணும்" என்றேன். பலகை, கீல், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மேலே ஃபோம் வைத்து, வெளுத்த பருத்தித் துணியைச் சுற்றினேன். கேமரா, என் மகனின் பழைய செல்போன். முதலில் வலப்பக்கம் எல்லாம், பிறகு இடப்பக்கம் எல்லாம். வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல். பக்கம் எழும்பினால் ஓரத்தில் மட்டும் லேசாகப் பிடிக்க ஒரு துண்டு அக்ரிலிக் ஷீட். ஒரு நாளைக்கு இருபது பக்கம், அதற்கு மேல் இல்லை. பக்கவாட்டில் தைத்ததால் இந்தப் புத்தகம் 90 பாகைகூடத் திறக்கவில்லை. பலகையை இன்னும் ஒடுக்கி வைத்தேன். அது திறந்த அளவுக்குத்தான் நானும் பார்த்தேன்.

அந்த அளவுக்கே கிடைத்தது ஏராளம். "மழை. கேட்டவர் மூவர்." "இன்று விளக்கெண்ணெய் தீர்ந்தது, பாதியில் நிறுத்தம்." ஒரு பக்கத்தில் என் பெயர். "பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அதற்கு மேல் என்னால் படம் எடுக்க முடியவில்லை.

வகுப்பில் உங்களுக்குச் சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? தில்லைக் கோயில் அறையைத் திறந்தால் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கடப்பாரை போடவில்லை. எண்ணெயைச் சொரிந்து மண்ணை நீக்கி எடுத்தார்கள், செல்லரித்தது போக மீந்ததே நமக்குக் கிடைத்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. கலித்தொகையை 1887-இல் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், தொட்டாலே உடைந்த ஏடுகளைப் பற்றி முன்னுரையில் வருந்தி எழுதினார். வருஷா வருஷம் இதையெல்லாம் பாடமாக நடத்தினேன். என் கையில் ஒரு பழம் புத்தகம் வந்தபோது மறந்துவிட்டேன்.

இனி உங்களுக்கான வேலை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களால்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு, நாடகப் பாட்டுப் புத்தகம், எதுவானாலும் சரி. எடைக்குப் போடாதீர்கள். பிரிந்த இதழில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை பழுத்துக் காகிதத்தையே தின்னும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். உதிர்ந்த துண்டைப் பக்க எண் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். புத்தகம் திறக்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

தம்பி, தங்கைக்கு: இரண்டாம் பாகப் படங்கள் முழுவதும் குடும்பக் குழுவில் இருக்கின்றன. முதல் பாகத்தில் மிச்சம் இருப்பதை இந்த மாதம் ஆரம்பிக்கிறேன். அப்பாவின் தேதி கிடைக்காது. ஐப்பசி என்பது மட்டும் உறுதி. இந்த வருஷத்திலிருந்து ஐப்பசி முதல் நாள் அப்பாவுக்கு வீட்டில் பாயசம்.

பலகை மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளி நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா