திருமயத்தில் பேய் பார்த்தேன்!

"அமெரிக்காவுல, பிலடெல்பியாவுல 1971-ல மூடுன ஜெயிலுக்குள்ள டிக்கெட் எடுத்துப் பேய்க்குப் பயப்படுறாங்களாம். நம்ம திருமயத்துலயும் ஜெயில் இருக்குடா!" என்றான் ஆபீஸ் நண்பன். புதுக்கோட்டையில் பஸ் ஏறினோம்.

1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஊரில் கேட்டால் 'ஊமையன் கோட்டை'. பாதிப் பாறையில் ஓர் இருட்டுக் குகை, இரும்பு ஏணி. ஏறும்போது என் முழங்கால் டைப் அடித்தது. உள்ளே... சிவலிங்கம்!

"ஊமைத்துரைய இங்கதான் தம்பி அடைச்சு வச்சாங்க" என்றார் ஒரு பெரியவர்.

சரித்திரம் வேறு. அவர் 1801-ல் தப்பியது பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து. ஆனால் 1799-ல் அண்ணன் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தச் சீமையில்தான். தொண்டைமான் ஆட்கள் பிடித்து வெள்ளைக்காரனிடம் கொடுத்தார்கள். கயத்தாறில் தூக்கு.

அண்ணனைப் பிடித்துக் கொடுத்த சீமை, தம்பி பேரைக் கோட்டைக்கு வைத்துக் கூப்பிடுகிறது. பேய் என்றால் அதுதான் சார். இருநூறு வருஷமாகியும் இறங்கவில்லை!