பேத்திக்கு ஏற்ற ஸ்கி

மகள் வீட்டுக்கு மினசோட்டா வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் பத்தாயிரம் ஏரிகள் என்று கார் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோடை வந்தால் பாதி நாள் தண்ணீரில்தான். என் 16 வயதுப் பேத்தி ஒற்றை ஸ்கியில் நீர்ச்சறுக்கு பழகுகிறாள். அவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்குவதாகப் பேச்சு வந்தது. முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? நானும் உள்ளே நுழைந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே பலகையில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நின்று, மிதக்கும் 6 பந்துகளை இடமும் வலமுமாக மாறி மாறிச் சுற்றி வர வேண்டும். இதற்கு ஸ்லாலம் என்று பெயர். பாதையின் நீளம் 259 மீட்டர். படகு நடுவில் நேராகப் போகும். பந்துகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். ஆறையும் சுற்றிவிட்டால் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் கூட்டுவார்கள். உச்ச வேகம் பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 58. அதையும் தாண்டிவிட்டால் 18.25 மீட்டர் கயிற்றைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

பேத்தி இப்போது 43 கிலோமீட்டர் வேகத்தில் நாலு பந்து சுற்றுகிறாள். ஒரு நாள் தோழியின் அண்ணனிடமிருந்து போட்டிக்கான கார்பன் ஃபைபர் ஸ்கியை இரவல் வாங்கிப் போனாள். முதல் பந்திலேயே விழுந்தாள். ஐந்து முறை முயன்றும் அதே கதை. அன்று ராத்திரி, "இவ்ளோ நல்ல ஸ்கியிலயே என்னால முடியல தாத்தா. எனக்கு இது வராது, விட்டுடறேன்" என்றாள். இந்தக் குரலை வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை அண்ணனின் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தனக்கு மூளையே இல்லை என்று முடிவு கட்டும் அதே குரல்.

அவளை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டோம். ஓடும் பலகையை நீர் மேலே தூக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 55-இல் கிடைக்கும் தூக்கலில் 43-இல் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும். போட்டி ஸ்கி குறுகலானது, வேகமாகப் போகிறவருக்காகச் செய்தது. அவள் வேகத்தில் அது பந்தருகே திரும்பும்போது அமிழ்ந்துதான் போகும். மெதுவாகப் போகிறவருக்கு நீரைத் தொடும் பரப்பு கூடுதலாக வேண்டும், அதாவது அகலமான பலகை. நீரிலிருந்து எழும்பும்போதும் அதில் கைக்கு இழுப்பு குறைவு. நீளத்தை முக்கியமாக எடையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். இவளைப் போல 55 கிலோ இருப்பவர்களுக்கு 64, 65 அங்குலம் வரும்.

அடுத்தது அடிப்பக்க வளைவு. ஆடும் நாற்காலியின் கால் போல முன்னும் பின்னும் லேசாக உயர்ந்திருக்கும். வளைவு அதிகமானால் சுலபமாகத் திரும்பும், ஆனால் வேகம் குறையும். தட்டையாக இருந்தால் படகின் அலையைக் குறுக்கே சீறிக் கடக்கும், ஆனால் திருப்புவதற்குத் தேர்ச்சி வேண்டும். விறைப்பும் அப்படித்தான். விறைப்பான பலகை உடனே பதில் சொல்லும், தவறையும் உடனே காட்டிக்கொடுக்கும். சற்று வளைந்துகொடுப்பது சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "வாங்குறதே வாங்குறோம், பெருசாவே வாங்கிடுவோம் மாமா. ரெண்டு வருஷத்துல அவ அந்த லெவலுக்கு வந்துடுவா" என்றார். அந்த ஸ்கியின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. நான் சொன்னேன்: "பள்ளிக்கூட யூனிஃபார்ம்னா பெருசா தைச்சு ஓரத்தை மடிச்சு அடிக்கலாம் மாப்பிள்ளை. ஸ்கியை மடிச்சு அடிக்க முடியாதே. அந்த ரெண்டு வருஷமும் அவ தண்ணியில நிக்கணுமே!" சிரித்துவிட்டார்.

அதற்காக ஆரம்பநிலைப் பலகையும் வேண்டாம் என்றேன். இனி அவள் 46, 49 என்று போவாள். அப்போது மிக அகலமான பலகையை விளிம்பில் சாய்த்து நிறுத்துவது பெரும்பாடு. இன்றைய வேகத்தில் சுகமாக ஓடி, இன்னும் இரண்டு படிக்கு இடம் கொடுப்பதே சரி. இன்றைய வேகம் என்பது சாதாரண நாளில் பத்துக்கு ஏழு தடவை அவள் செய்வது. ஒரு நல்ல நாளில் நடந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரு மாதத் தேர்வில் நூறு வாங்கியதை வைத்து நாம் பிள்ளையை எடைபோடுவோமா?

இந்த விளையாட்டே பொருத்தமான பலகையைத் தேடித்தான் பிறந்திருக்கிறது. 1922-இல் இதே மினசோட்டாவின் பெப்பின் ஏரியில், 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் முதலில் பீப்பாய்ப் பலகைகளில் நின்று பார்த்தார். பிறகு பனிச்சறுக்குப் பலகைகளில் முயன்றார். இரண்டிலும் நிற்க முடியவில்லை. கடைசியில் 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் பைன் மரப் பலகைகளை எடுத்து, நுனியைக் கொதிநீரில் ஊறவைத்து வளைத்துக்கொண்டார். அதில் நின்றார். பீப்பாய்ப் பலகையில் விழுந்த அன்றே "எனக்கு வராது" என்று அவர் போயிருந்தால்?

கடைக்காரர் இரண்டு ஸ்கிகளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். நடுத்தர அகலம், மிதமான வளைவு உள்ளதை அவளே தேர்ந்தெடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பந்தில் விழுந்து எழுந்து வந்து, "லேட்டாத் திரும்பிட்டேன் தாத்தா" என்றாள். எனக்கு அதுவே போதும். பொருத்தமில்லாத பலகையில் விழும்போது தவறு எங்கே என்றே தெரியாது. இப்போது அவளுக்குத் தெரிகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. காலுறை பிடிமானத்தில் அவசரம் வேண்டாம். ஓடும்போது குதிகால் தூக்கக் கூடாது, விழும்போது கால் விடுபட வேண்டும். ஒரு கால் கழன்று மறுகால் மாட்டிக்கொண்டால் கணுக்காலுக்கு ஆபத்து. விவரம் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபார்த்த பிறகு தண்ணீரில் இறக்குங்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.