தன்னைவிட மூத்த மகள்

தொலைக்காட்சித் தொடர்களில் அம்மா வேடத்துக்கு வயதுக் கணக்கு கிடையாது. கொரியாவிலும் அப்படித்தான். 2019இல் வந்த 'வென் தி கமெலியா ப்ளூம்ஸ்' தொடரில் கதாநாயகியின் தாயாக நடித்த லீ ஜங்-யுன் 1970இல் பிறந்தவர். மகளாக நடித்த கோங் ஹியோ-ஜின் பிறந்தது 1980. அக்கா தங்கை என்றால் பொருந்தும். ஆனால், சின்ன வயதில் கைவிட்ட மகளிடம் மறதி நோய் பிடித்தவள் மாதிரி பாசாங்கு செய்தபடி திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த அம்மாவைப் பார்த்தபோது, எனக்கு இந்தக் கணக்கு தோன்றவேயில்லை.

அதே ஆண்டில் ஜேடிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'தி லைட் இன் யுவர் ஐஸ்' இன்னும் ஒரு படி மேலே. அதில் லீ ஜங்-யுனுக்கு மகள், 1941இல் பிறந்த கிம் ஹே-ஜா! இருபத்தைந்து வயதுப் பெண் திடீரென்று கிழவியாகிவிடுகிறாள். அழகு நிலையம் நடத்திக் குடும்பத்தை இழுக்கும் தாய், மகளின் நரைத்த தலையைப் பார்த்து மனம் உடைகிறாள். தொடர் முடியப்போகும் நேரத்தில்தான் உண்மை தெரிகிறது. கிழவிக்கு அல்சைமர் நோய். அவள் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது தன் மருமகளை.

தெரிந்த பிறகு முதலிலிருந்து பார்த்தேன். அன்று பெற்றவளின் தவிப்பாகத் தெரிந்த அதே முகம், இப்போது மாமியாரைப் பராமரித்துக் களைத்த மருமகளின் முகமாக இருந்தது. இரண்டுக்கும் பொய்யாகாதபடி ஒரே பார்வையை வைத்திருக்கிறார். அந்த ஆண்டு பெக்சாங் விருது விழாவில் கிம் ஹே-ஜாவுக்கு உச்ச விருது, இவருக்குச் சிறந்த துணை நடிகை விருது.

லீ ஜங்-யுன் 1991இல் மேடையில் தொடங்கியவர். நாடகமும் இசை நாடகமுமாக வருடங்கள் ஓடின. சோற்றுக்குப் பகுதிநேர வேலைகள். நாற்பதைத் தாண்டிய பிறகே சின்னத்திரை அவரை விடாமல் அழைத்தது. 2015இல் 'ஓ மை கோஸ்ட்' தொடரில் பேய் விரட்டும் சாமியாடி. 2018இல் 'மிஸ்டர் சன்ஷைன்' தொடரில் சீமாட்டிக்காக உயிரையும் கொடுக்கும் பணிப்பெண். இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் 'ஒக்ஜா' படத்தில் ராட்சதப் பன்றிக்குக் குரல். அதே இயக்குநரின் 'பாரசைட்' படத்தில் கொட்டும் மழையில் அழைப்பு மணியை அழுத்தி, கதையையே திசைதிருப்பும் பழைய வேலைக்காரி.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: கதாநாயகி ஒரு ஆளை நடிக்கிறார், துணை நடிகை ஒரு உறவை நடிக்கிறார். எதிரில் இருப்பவரை மகளாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அந்த மகள் பத்து வயது இளையவரா, இருபத்தொன்பது வயது மூத்தவரா என்று பார்ப்பவர் கேட்பதில்லை.

2024இல் 'மிஸ் நைட் அண்ட் டே' தொடரில் முதன்மை வேடமே வந்தது. விடிந்தால் ஐம்பது வயதுக்காரி, இருட்டினால் தன் இருபதுகளுக்குத் திரும்பும் பெண். இரவு உருவத்தில் ஜங் உன்-ஜி, பகல் உருவத்தில் இவர். ஆக, பாதிப் பாத்திரம் இன்னொருவரிடம். அந்த இளையவரின் நடையும் பேச்சும் தன் உடம்பிலும் தெரிந்தால்தான் கதை நிற்கும். துணை வேடங்களில் அத்தனை காலம் அடுத்தவரைக் கவனித்தே வாழ்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான கதாநாயகி வேடம் வாய்த்திருக்காது.