கண்ணின் ஹக்கு

வலிப்பு நோயை அரபியில் ‘ஸரஉ’ என்பர். வீழ்த்துதல் என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். மனிதனை அது வீழ்த்தும் ஓரிரு நிமிடங்களையே ஊர் பார்க்கிறது. ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறது. வலிப்பு தானே அடங்கும், சாவியால் அன்று. ஒருக்களித்துப் படுக்க வைத்தலே அப்போது வேண்டிய உதவி. ஆயின் அதற்குப் பின்வரும் நெடும் பகல்களை எவரும் பார்ப்பதில்லை. கடையிலும் களத்துமேட்டிலும் கண் செருக அமர்ந்திருக்கும் அந்நோயாளி சோம்பேறி எனப் பெயர் சூட்டப்படுவதை நாம் பல மஹல்லாக்களில் கண்டிருக்கிறோம்.

அது சோம்பலன்று. சிலருக்கு வலிப்பு உறக்கத்திலேயே வந்து போய்விடும். விடிந்தபின் நாக்கு கடிபட்டிருப்பதும், உடல் நோவதும், படுக்கை நனைந்திருப்பதுமே அதற்குச் சாட்சி. குறட்டையோடு மூச்சு தடைப்படும் கோளாறும் இந்நோயாளரிடம் மிகுதி. அதற்குச் சிகிச்சை செய்தால் சிலருக்கு வலிப்பும் குறைகிறது.

மருந்தும் ஒரு காரணமாகலாம். ஆல்ஃபிரட் ஹாவுப்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், அமைதியூட்டவென்று பீனோபார்பிட்டோன் மருந்தை வலிப்பு நோயாளருக்குக் கொடுத்தபோது, வலிப்பே குறைவதைக் கண்டு 1912-இல் உலகுக்கு அறிவித்தார். உறக்க மருந்து வலிப்பு மருந்தான வரலாறு இது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் யெலந்தூர்ச் சிற்றூர்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர்தம் குழுவினரும், விலை மலிவான அம்மருந்தையும் பினைட்டாயினையும் கொண்டே ஏழைகளின் வலிப்பை அடக்க இயலும் என்று காட்டினர். அவ்வாய்வு 2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. உயிர் காக்கும் மருந்து பகலில் தூக்கத்தையும் தரக்கூடும். அதற்கஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது பேராபத்து. நில்லாமல் தொடரும் வலிப்பு உயிரையே பறிக்கலாம். மருத்துவரிடம் சொன்னால், அளவையோ நேரத்தையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.

உறக்கம் குன்றினால் வலிப்பு எழும்; வலிப்பு எழுந்தால் உறக்கம் குலையும். இச்சுழலை அறுக்கும் வழி இரவுறக்கத்தைக் காப்பதே. உத்திரமேரூர்ச் சுற்றூர்களிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தேறும் இளைஞர் பலர். இந்நோயுள்ளவர் இரவு ஷிப்ட்டைத் தவிர்ப்பது நலம். வருமானம் சிறிது குறையினும் வீட்டார் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரமலானில் இன்னும் கவனம் வேண்டும். தராவீஹ் முடித்துப் படுத்து ஸஹருக்கு எழுகையில் உறக்கம் இரு துண்டாகிறது. மாத்திரை வேளையும் மாறுகிறது. ஆகவே பிறை காணுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோன்பு தீங்கு தரும் என்று அவர் கூறினால், நோயாளிக்கு இறைமறை வழங்கிய சலுகையை மனநிறைவோடு ஏற்கலாம். பின்னர் களாச் செய்யலாம், அதற்கும் இயலாதவருக்கு ஃபித்யா உண்டு. இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கே, உடலுக்கும் கண்ணுக்கும் ஹக்கு இருப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். நலமுள்ளவர் கண்ணுக்கே ஹக்கு உண்டெனில், நோயாளியின் கண்ணுக்கு எவ்வளவு!

வலிப்பால் வீழும் பெண்மணி ஒருவர் பெருமானாரிடம் (ஸல்) வந்து, நோயைப் பொறுத்துக்கொள்ள இசைந்து, தாம் விழும் வேளையில் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யும்படி வேண்டிப் பெற்ற செய்தி ஸஹீஹ் புகாரியில் உண்டு. நோயினும் பெரிதாக அவர் எண்ணியது மானத்தை. வீழ்ந்தவர்மீது துணியைப் போர்த்த நம்மவர் எவரும் தயங்குவதில்லை. கண்ணயர்ந்தவர்மீது பழிச்சொல் விழாமல் காப்பதும் அதே கடமையின் பாற்பட்டதாம். அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அந்த நற்பண்பை அருள்வானாக.