முன்னோர் எங்கே: சில குறிப்புகள்

கோட்டாறு சவேரியார் திருநாள் டிசம்பர் 3. குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேருக்கு வருகிறவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை. நேர்ந்துகொண்டது பலித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் இந்துக் குடும்பங்களும் உண்டு. இவர்கள் செத்த பிறகு எங்கே போவார்கள் என்று சவேரியாரிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஊகிக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். தான் சொன்ன பதிலை அவரே எழுதிவைத்தார்.

*

1544 கடைசியில் இந்தக் கடற்கரை வழியே நடந்தவர், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அந்த வேகத்துக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது: ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறவர் என்றென்றைக்கும் தொலைந்தார் என்ற அச்சம். 1549 முதல் 1551 வரை ஜப்பானில் இருந்தார். திரும்பி வந்து, 1552 ஜனவரி 29 அன்று கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஜப்பானியர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்: செத்துப்போன தாய் தகப்பன், மனைவி மக்கள் நரகத்திலிருந்து வெளியே வர வழியே இல்லையா? தர்மம் செய்தால், ஜெபித்தால் ஆகாதா? ஆகாது என்றார். அழுதார்கள். பரிகாரமே இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு அன்பானவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் வேதனையாக இருந்தது என்று எழுதுகிறார்.

அந்த வேதனையை அவர் எழுதாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் காலத்தின் போதனையை வாயால் சொன்னார். மனசு அழுகிறவர்கள் பக்கம் போயிற்று. இரண்டில் கிறிஸ்துவுக்குக் கிட்டே இருப்பது அந்த வேதனைதான் என்பேன்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. கடவுள் ஏன் எங்களுக்கு இத்தனை காலம் தன்னைக் காட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு, கொலையும் களவும் தப்பு என்று யாரும் சொல்லித்தராமலே மனிதர் மனசுக்குத் தெரியும், அதை எழுதிவைத்தவர் கடவுள்தான் என்று விளக்கம் சொல்கிறார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

*

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. இந்த எண்களை ஒரு தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் சபைக்குப் போவான், தம்பி முத்தாரம்மன் கொடைக்கு வரி கொடுப்பான். கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் திருநீறு பூசி நிற்பார். ஐரோப்பாவில் இறையியல் மாணவன் நரகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். இங்கே அது சொந்த அத்தையைப் பற்றிய கேள்வி.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதைக் கண்ட ஊரில், ஒலிபெருக்கி வைத்து அடுத்த வீட்டுக்காரனை அக்கினிக்கடலுக்கு அனுப்புகிறவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

*

தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதர் பட்டம். தகப்பனார் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசை செய்தவர் என்று சொல்வார்கள். மகன் பீடத்தில். அவரைப் பெற்றவர்கள் எங்கே? புனிதர் பட்ட விழாவன்று யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்டிருக்க வேண்டும். பெற்றவர்களை நெருப்பில் விட்டுவிட்டு மகன் மட்டும் எப்படி மோட்சத்தில் நிம்மதியாக இருக்க முடியும்? சவேரியார் கண்ட ஜப்பானியரும் இதைத்தான் கேட்டார்கள்.

*

நாகர்கோவில் தெருக்களில் பல பதில்கள் கிடைக்கும். நரகம் முடிவில்லாதது என்பவர்கள் உண்டு. அப்படி ஓர் இடமே இல்லை, கெட்டவர்கள் அழிந்துபோவார்கள் என்று யெகோவாவின் சாட்சிகள் கைப்பிரதி கொடுப்பார்கள். கடைசித் தீர்ப்பில் நெருப்பு அவர்களை இல்லாமல் ஆக்கிவிடும் என்பது ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் போதனை. கத்தோலிக்கருக்கு நடுவே உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. கடைசியில் எல்லாருமே கரையேறுவார்கள் என்கிற நாலாவது பதிலைத்தான் யாரும் வாசலில் வந்து சொல்வதில்லை.

அது புதிதாக முளைத்த சரக்கு என்று நினைக்கிறவர்களுக்காக: மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் அதைச் சொன்னார். நாலாம் நூற்றாண்டில் நீசா கிரகோரி சொன்னார். ஒரிகனை 553-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் சபித்தார்கள்; கிரகோரி இன்றும் புனிதர். அகஸ்டின் 'கடவுளின் நகரம்' நூலின் 21-ஆம் புத்தகத்தில், நரகத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று நம்பிய இளகிய மனசுக்காரக் கிறிஸ்தவர்களோடு பக்கம் பக்கமாக வாதாடுகிறார். ஆட்கள் இல்லாமல் அவ்வளவு பக்கம் எழுதுவாரா?

*

நமக்கு இன்னும் கிட்டே ஒருவர் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு அரப்பள்ளி, தோமாவே கட்டியது என்று நம்பப்படும் சின்னக் கல் கோவில். சுரியானி மரபு. மலபார்க் கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியர் வரும்வரை கிழக்குச் சிரியத் திருச்சபையோடு உறவில் இருந்தார்கள். அந்தத் திருச்சபையில் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் நினிவே ஈசாக்கு. பிறந்தது அன்றைய கத்தார் பகுதியில்; நம்மூர்ப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிற கத்தாரும் அதில் அடங்கும். நரகத்தில் சுடுவதும் கடவுளின் அன்புதான் என்றார் அவர். அன்புக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்கிற உணர்வுதான் அங்கே வேதனை. முடிவில்லாமல் வதைப்பதற்காகக் கடவுள் யாரையும் படைக்கவில்லை என்பதும் அவர் வாதம். அவருடைய எழுத்தின் காணாமல்போன இரண்டாம் பகுதியை 1983-ல் ஆக்ஸ்ஃபோர்டில் செபாஸ்டியன் பிராக் கண்டெடுத்தார். அந்தப் பகுதியில் ஈசாக்கு தனக்குத் துணையாக, தன் திருச்சபை ஆசானாக மதித்த மொப்சுவெஸ்தியா தியோடரை அழைக்கிறார். 1599 உதயம்பேரூர்ச் சங்கத்தில் கோவாப் பேராயர் மெனேசிஸ் வழிபாட்டிலிருந்து நீக்கச் சொன்ன பெயர்களில் அந்தத் தியோடரும் ஒருவர். சங்கத்துக்குப் பிறகு சுரியானி ஏடுகள் எரிந்தன. நம் பக்கத்துக் கிறிஸ்தவம் இழந்தது கொஞ்சமில்லை.

*

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் எல்லாருக்கும் மீட்பு என்று எழுதுவது நேர்மையில்லை.

திருவிதாங்கூரில் 1855 வரை மனிதர்களை வயலோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். பெண்கள் தோளில் துணி போட்டதற்காக அடி வாங்கினார்கள். மேலுடம்பை மறைக்க அனுமதி தரும் அரச அறிக்கை 1859-ல்தான் வந்தது. மயிலாடியில் வேதமாணிக்கமும் மிஷனரி ரிங்கல்தொபேயும் தொடங்கிய சபைகளுக்கு வந்தவர்கள் இந்த ஜனங்கள். அவர்கள் காதில் நியாயத்தீர்ப்பு நாள் என்பது எப்படி விழுந்திருக்கும்? பயமாக இருந்திருக்காது. ஜன்மி கைகட்டி நிற்கிற ஒரு கச்சேரி எங்கோ இருக்கிறது, அங்கே நம் சொல்லும் எடுபடும் என்று கேட்டிருக்கும். சாமித்தோப்பிலும் அதே காலத்தில் வைகுண்டர் வழியில் நடுத்தீர்வை பேசப்பட்டது. அடிபட்டவர்கள் எல்லாரும் அப்போது தீர்ப்பைத்தான் கேட்டார்கள்.

அவர்களிடம் போய், கடைசியில் எல்லாரும் ஒன்றுதான், உங்களை விற்றவரும் மோட்சத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பார் என்றால் அது இன்னொரு அடி. நரகம் வேண்டாம் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடி வாங்காதவர்கள்.

கிரகோரியின் பதில் இங்கேதான் எனக்கு உதவுகிறது. அவர் நெருப்பை எடுத்துவிடவில்லை. பொன்னோடு கலந்த அழுக்கை உருக்கி எடுக்கிற தட்டான் உலை என்கிறார். தீமை எவ்வளவோ, அவ்வளவு வலி. விற்றவன் தான் விற்ற குழந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும். செய்தது முழுக்க அவனுக்குப் புரிகிறவரை அவனுக்கு விடுதலை இல்லை. ஆனால் அந்த உலைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. நோக்கம் இருந்தால் முடிவும் இருக்கும். தீர்ப்பு வேண்டும். முடிவில்லாத சித்திரவதை வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்ததுதான் நாம் செய்த பிழை.

*

ஒரு துக்க வீட்டில் கேட்டது. வயதான அம்மா, சின்ன வயதில் சபைக்கு வந்தவர், சபை ஐயரிடம் மெதுவாகக் கேட்டார்: “ஐயரே, எங்க அம்மை ஞானஸ்நானம் எடுக்கல்ல. நான் போனா அவளப் பாப்பனா?”

ஐயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “உங்களுக்கே அம்மை மேல இவ்வளவு இருக்குன்னா, ஆண்டவருக்கு இருக்காதா பாட்டி?” என்றார்.

சவேரியாருக்குக் கிடைக்காத பதில் இது.

*

இரட்சணிய சேனையின் பதினோரு கோட்பாடுகளில் கடைசியானது, துன்மார்க்கருக்கு முடிவில்லாத தண்டனை உண்டு என்கிறது. அதே சேனைதான் நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியைக் கட்டி, வந்தவர் எந்த மதம் என்று கேட்காமல் வைத்தியம் பார்த்தது. நரகத்தை நம்புகிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சுக்காரர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

*

சாது சுந்தர் சிங் 1918-ல் தென்னிந்தியா சுற்றியபோது திருவிதாங்கூரிலும் பேசினார். அவரோடு பின்னர் உரையாடி, ஆங்கிலேய இறையியலாளர் ஸ்ட்ரீட்டரும் பாளையங்கோட்டை ஏ. ஜே. அப்பாசாமியும் 1921-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் சாது சொல்லும் தரிசனம்: கிறிஸ்துவைக் கேள்விப்படாததால் எத்தனையோ பேர் தொலைந்துபோவார்களே என்று இவர் வருந்த, தொலைகிறவர்கள் மிகச் சிலர்தான் என்று அங்கே பதில் வருகிறது. ஆனால் வெளியே சொல்லிவிடாதே, ஜனங்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்று ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. பிரசங்கிகள் பலருக்கும் இந்தப் பயம்தான். நரகம் இல்லாவிட்டால் யார் கோவிலுக்கு வருவார்கள்? பயத்தால் வந்தவர் பயம் தீர்ந்ததும் போய்விடுவார் என்பதை யோசித்தால் போதும்.

*

கிறிஸ்துவை அறியாமலே மனச்சாட்சியின்படி நடக்கிறவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் எழுதியது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு நம்பிக்கை உண்டு என்று 2007-ல் ரோமிலிருந்து ஓர் ஆவணம் வந்தது. 2024 ஜனவரி 14 அன்று, தேவசகாயம் சுடப்பட்ட அதே தேதியில், திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், நரகம் காலியாக இருக்கும் என்று நினைக்கத் தனக்கு விருப்பம் என்றார். இது கோட்பாடு இல்லை, சொந்த எண்ணம் என்றும் சேர்த்துக்கொண்டார். கொச்சிக் கடிதத்திலிருந்து இங்கே வர 472 வருஷம் ஆகியிருக்கிறது.

*

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி: கொட்டில்பாடு, மணக்குடி, குளச்சல். குளச்சலில் நூற்றுக்கணக்கானோரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல்: சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளையிலிருந்து போனவர்களில் பலருக்கு உடலே கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று அந்த வீடுகளில் மெழுகுதிரி ஏற்ற ஒரு குழிகூடக் கிடையாது. சுனாமிக்குப் பிறகு இதைத் தண்டனை என்று பேசியவர்களைக் கேட்டேன். பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கையில், இறந்தவர் ரட்சிக்கப்பட்டவரா என்று சந்தேகம் கிளப்பிய அடக்கப் பிரசங்கமும் கேட்டிருக்கிறேன்.

ஐயர்மாரே, சாமிமாரே, உபதேசியார்களே: கன்வென்ஷன் மேடையில் நரகத்தைப் பேசுங்கள், வேதாகமத்தில் அது இருக்கிறது. அநியாயக்காரனுக்குத் தீர்ப்பு உண்டு என்று உரக்கவே சொல்லுங்கள். துக்க வீட்டில் மட்டும் ஒரு ஆளின் பேரைச் சொல்லி அவரை அங்கே அனுப்பாதீர்கள். எந்தச் சபையின் கோட்பாடும் உங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை.