கொள்ளையனும் கார்டும்

கலிபோர்னியாவில் பியூனா பார்க் என்னும் ஊரில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதற்குள் வட்டமிட்டு ஓடும் நீராவி ரயிலை ஒரே நாளில் பலமுறை கொள்ளையடிப்பார்கள். கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஆட்கள் துப்பாக்கியோடு பெட்டிக்குள் ஏறி, பயணிகளிடம் வம்பு பேசி, சிரிக்கவைத்து, ஒன்றும் எடுக்காமல் இறங்கிப்போவார்கள். 2008ஆம் ஆண்டுக் கோடையில் உடன்பிறந்தோர் நாங்கள் மூவரும் அப்பாவை அங்கே அழைத்துச் சென்றோம். எங்களில் மூத்தவருக்கு அப்போது ஆர்ட்டீசியாவில் வீடு. அங்கிருந்து பூங்கா வெகு அருகில். அப்பாவுக்கு அப்போது 73 வயது. விழுப்புரத்துக்குத் தெற்கே மீட்டர்கேஜ் வண்டிகளில் 34 ஆண்டுகள் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பதவியின் பெயர் 2022இல் ரயில் மேலாளர் என்று மாற்றப்பட்டது. கேட்க அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பாரா என்று எங்களுக்குள் இன்றும் ஒரு விவாதம் உண்டு. அவர் எப்போது சிரிப்பார், எப்போது சிரிக்கமாட்டார் என்பதை நாங்கள் கடைசிவரை சரியாகக் கணித்ததில்லை.

ரயில் என்றால் அப்பா மகிழ்வார் என்று எண்ணித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தோம். ராட்டினங்கள் அவருக்கு ஆகாது. கோழிப் பொரியலுக்கு அந்த இடம் பேர்போனது என்றாலும் அவர் சைவம்.

அந்தப் பூங்கா பிறந்த கதையே கோழிப் பொரியலில்தான் தொடங்குகிறது. வால்டர் நாட் என்பவர் அங்கே பழத்தோட்டம் வைத்திருந்தார். இன்று பாய்சன்பெர்ரி என்று உலகம் அறிந்த பழத்தை 1930களில் வளர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் மனைவி கார்டிலியா 1934இல் கோழிச் சாப்பாடு போடத் தொடங்க, கூட்டம் வரிசைகட்டி நின்றது. காத்திருப்போருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940 முதல் ஒரு பழைய சுரங்க ஊரையே அங்கே எழுப்பத் தொடங்கினார் நாட். 1952 ஜனவரியில் அந்த ஊரைச் சுற்றி ரயில் ஓடலாயிற்று. இந்த ரயில் பொம்மை அன்று. கொலராடோ மலைகளில் மூடப்பட்டுக்கொண்டிருந்த மூன்றடி அகலக் குறும்பாதைகளிலிருந்து எஞ்சின்களையும் மரப்பெட்டிகளையும் அவர் விலைக்கு வாங்கிவந்திருந்தார். எஞ்சின்கள் 1881இல் பால்டுவின் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. வெள்ளிச் சுரங்கங்களின் காலத்தில் மெய்யாகவே மலையேறியவை. அங்கே நீராவி மெய், இரும்பு மெய், பெட்டியின் மரமும் மெய். கொள்ளை ஒன்றே பொய். பின்னால் நடந்ததற்கு இந்த விகிதந்தான் காரணம் என்று எங்களுக்குப் படுகிறது.

அப்பா எஞ்சினருகே வெகுநேரம் நின்றார். மீட்டர்கேஜைவிட நான்கு விரற்கடை குறைவு என்று பாதையைப் பார்த்தே சொன்னார். பிறகு நடைமேடையின் மறுகோடிக்கு நடந்து, கடைசிப் பெட்டியில்தான் ஏறுவேன் என்றார். முன்பெட்டியில் நல்ல இடம் காலியாக இருந்தது. அவர் கேட்கவில்லை.

ரயில் கொள்ளைக்கு அமெரிக்காவில் நெடிய வரலாறு உண்டு. 1866 அக்டோபரில் இண்டியானா மாநிலத்தில் ரெனோ சகோதரர்கள் ஓடும் ரயிலில் நடத்திய கொள்ளையை அந்த வரிசையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ என்ற ஊமைப்படத்தில், கொள்ளைக்காரன் ஒருவன் திரையிலிருந்து நேரே பார்வையாளரை நோக்கிச் சுடுவான். அச்சுறுத்தலாக இருந்த ஒன்று ஒரு தலைமுறைக்குள் திரையேறிவிட்டது. இன்னொரு அரை நூற்றாண்டில் நகைச்சுவையும் ஆகிவிட்டது. நம் ஊரிலும் தீவட்டிக் கொள்ளை கதையாகி, கதை கூத்தாகியிருக்கிறது. ஆனாலும் அந்தத் துப்பாக்கி பார்ப்பவரை நோக்கியே நீண்டிருக்கிறது. பூங்கா ரயிலில் மேடை கிடையாது, திரை கிடையாது. இரு பக்க இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் ஒற்றையடி வழியே அரங்கம். நடிகர் நம் முழங்காலில் இடித்துக்கொண்டு வருகிறார். பிடிக்கவில்லையென்றால் நாம் எழுந்துபோக முடியாது. வண்டி நிலையம் சேரும்வரை அவராலும் போக முடியாது.

இது எளிய தொழில் அன்று. அரங்கில் முந்நூறு பேர் இருந்தால் நூறு பேர் சிரித்தாலே போதும், மற்றவர்களையும் சிரிப்பு தொற்றிக்கொள்ளும். ஒரு பெட்டியில் முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நாலைந்து கைக்குழந்தைகள். ஒருவர் தூங்குகிறார். நடிகர் உள்ளே கால்வைத்த நொடியில் முகங்களைப் படித்து, யாரைச் சீண்டலாம், யாரைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்தாக வேண்டும். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஸ்டீவ் மார்ட்டின் தம் இளமையில், 1960களில், இதே பூங்காவின் பேர்ட் கேஜ் அரங்கில் சிறு கூட்டங்களுக்கு முன்னால் நடித்துத்தான் தொழில் பழகினார். தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. அவன் ராஜாவிடமும் பேசுவான், முன்வரிசையில் வெற்றிலை போடும் பெரியவரிடமும் பேசுவான். இருவரில் யாரைக் கேலிசெய்தாலும் கடைசியில் தன்னை ஒரு கோமாளியாக்கிக்கொண்டுதான் மீள்வான். அந்த மீட்சியை மறந்த கட்டியங்காரன் ஊரில் அடிவாங்குவான்.

அப்பாவுக்கு இதெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரியும். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஏறி, தைலமும் சோப்புச்சீட்டும் பாட்டுப்புத்தகமும் விற்றவர்களின் பேச்சுத்திறனை அவர் வீட்டில் நடித்துக் காட்டுவார். ஆகவே அவர் ரசிப்பார் என்றே நம்பினோம்.

வண்டி புறப்பட்டு ஓரிரு நிமிடங்களில், நிலையமில்லாத இடத்தில் நின்றது. எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. குழந்தைகள் ஆவலோடு திரும்பினார்கள். எங்களில் ஒருவர் படக்கருவியைத் தயாராக எடுத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார்.

அவர் ஏன் எழுந்தார் என்பது மறுநொடியே எங்களுக்குப் புரிந்துவிட்டது. வண்டி காரணமின்றி நடுவழியில் நின்று, உடனே கிளம்ப வழியில்லை என்றால், கார்டின் வேலை பின்புறத்தைக் காப்பது. பின்னால் வரும் வண்டி வந்து மோதிவிடாமலிருக்க, கொடியோ விளக்கோ ஏந்தி வந்த வழியே நடந்து, விதித்த தூரத்தில் தண்டவாளத்தின்மேல் ஒரு வெடிவில்லையும், இன்னும் அப்பால் 10 மீட்டர் இடைவெளிகளில் மூன்றும் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், பின்வண்டி ஓட்டுநர் நிறுத்திவிடுவார். வெடிச்சத்தம் என்றாலே அபாயம் என்று பழகிய உடம்பு அவருடையது. ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகளாகியும் கால்கள் அதை மறக்கவில்லை. அவர் பெட்டியின் பின்வாசலுக்கு நடந்துவிட்டார். நாங்கள் கைநீட்டிப் பிடிப்பதற்குள் அந்த வாசல் வழியாகவே கொள்ளைக்காரர் ஏறினார்.

இருவரும் நேருக்கு நேர். ஒருவர் கையில் துப்பாக்கி. மற்றவர் வெறுங்கையை உயர்த்தி, நில் என்பதுபோல் காட்டினார். பிறகு தமது ரயில்வே ஆங்கிலத்தில், “வண்டியை நிறுத்தியது யார்?” என்று கேட்டார். நாங்கள்தான் ஐயா, என்றார் கொள்ளைக்காரர். “கண்ட்ரோலுக்குச் சொல்லியாயிற்றா? மெமோ எங்கே?”

பெட்டி அதிர்ந்தது. அப்படியொரு சிரிப்பு. கிழவரும் நாடகத்தில் ஒருவர், முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் சிரித்தோம். அவர் நடிக்கவில்லை என்று அந்தப் பெட்டியில் தெரிந்திருந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே. தெரிந்துதான் சிரித்தோம்.

நாலாவதாக ஒருவருக்கும் தெரிந்துபோயிற்று. கொள்ளைக்காரரின் கண்களில் ஒரு கணம் ஏதோ மாறியதைக் கண்டோம். கைக்கெட்டிய தூரத்தில் அற்புதமான ஒரு பகடிப்பொருள் நிற்கிறது. ஒரு சொல் போதும், பெட்டி முழுவதும் அவர் பக்கம். அவர் அதைச் செய்யவில்லை. துப்பாக்கியை உறையில் செருகினார். தொப்பியைக் கழற்றினார். முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல், சட்டைப்பைகளை ஒவ்வொன்றாகத் தடவி மெமோவைத் தேடலானார். கிடைக்கவில்லை. முன்பெட்டியிலிருந்த தம் கூட்டாளியைக் கூவி, நீ எழுதிக்கொடுத்தாயா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. நீதானே எழுதத் தெரிந்தவன் என்று இங்கிருந்து சத்தம். சிரிப்பு முழுவதும் அப்பாவை விட்டு அந்த இரண்டு திருடர்கள்மேல் போய் விழுந்தது. அனுமதியில்லாமல் நிறுத்தியது தவறுதான், இந்தப் பெட்டியில் கொள்ளையடிக்க உத்தரவு உண்டா என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா உறுதியாக மறுத்துவிட்டார். அப்படியானால் வண்டியைக் கிளப்ப நீங்களே கொடி காட்டுங்கள் என்று கழுத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினார். அது சிவப்பு. அப்பா அதைப் பார்த்துத் தலையை அசைத்தார். பின்மேடையில் நின்று வெறுங்கையையே தோளுயரத்துக்குமேல் மெல்ல வீசினார். சற்று நேரத்தில் வண்டி அசைந்தது. ஓட்டுநருக்கு எங்கள் பெட்டியின் பின்புறம் தெரியாது. அது அப்பாவுக்கும் தெரியும்.

இறங்கியபின் நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாய்சன்பெர்ரிச் சாறு குடித்தோம். எங்களில் ஒருவர் படக்கருவியில் பதிந்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டினார். படம் குலுங்கிக்கொண்டிருந்தது. எடுத்தவர் குலுங்கிச் சிரித்ததால்தான் அப்படி. அப்பா முழுவதும் பார்த்துவிட்டு, “அந்தத் தம்பி சிரிக்கலை, பார்த்தீங்களா” என்றார். எங்களைக் குறைசொன்னாரா, நடிகரை மெச்சினாரா என்று தெரியவில்லை. நாங்கள் ஒன்றும் பேசாமலிருந்தோம்.

பிறகு, கேளாமலே, ஒன்று சொன்னார். 1970களில் ஓர் இரவு, வண்டி வெளிக்கைகாட்டிக்காக நின்றபோது ஜன்னலோரம் தூங்கிய பெண்ணின் தாலிக்கொடியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். அப்பா விளக்கோடு இறங்கி வயல்வரப்பில் கொஞ்சதூரம் துரத்தினார். கைகாட்டி விழுந்துவிட்டது, வண்டியை விட்டுப் போக முடியாது. திரும்பிவந்தார். அந்தப் பெண் அழவில்லையாம். “பின்னே நீங்க எதுக்கு வர்றீங்க?” என்று மட்டும் கேட்டாளாம். நாங்கள் பிறந்து வளர்ந்து தலை நரைக்கத் தொடங்கியும் இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே ராட்டினத்தில் பிள்ளைகள் கூச்சலிட, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொல்லி முடித்தார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சாறு இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டோம்.

மாலையில் அவரே இன்னொருமுறை போகலாம் என்றார். மறுபடியும் கடைசிப் பெட்டி. அதே வளைவு, அதே இடத்தில் வண்டி நின்றது, அதே வெடிச்சத்தம். எங்கள் கண்கள் அவர்மேலேயே இருந்தன. அவர் எழவில்லை. இம்முறை ஏறியவர் வேறொருவர், மிக இளையவர், வேலைக்குப் புதியவர் போலும். மனப்பாடம் செய்த வசனத்தைச் சற்று வேகமாகவே சொன்னார். விலைமதிப்பற்ற பொருள் ஏதுமுண்டா என்று எதிர்வரிசைத் தாயிடம் கேட்க, அவர் தம் குழந்தையைக் காட்ட, எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்து எங்கள் பக்கம் திரும்பித் துப்பாக்கியை நீட்டினார். குரல் சற்று நடுங்கியது.

அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தினார்.